பழைய வண்டியின் ரேடியேட்டர்: அடைப்பதா, கோர் மாற்றுவதா, புதிது போடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார், ஜீப், லாரி, டிராக்டர் எதுவானாலும் சரி, செப்பும் பித்தளையும் சேர்த்து ஈயத்தால் பற்றவைத்த ரேடியேட்டர் உள்ள பழைய வண்டிகளுக்கு இந்தப் பதில்கள் பொருந்தும். பிளாஸ்டிக் தொட்டி வைத்த பிற்கால ரேடியேட்டர்களின் கதை வேறு. கோர் என்பது மேல் கீழ்த் தொட்டிகளுக்கு நடுவே டியூப்களும் ஃபின்களும் சேர்ந்த பகுதி.

சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது. ரேடியேட்டரை மாற்றிவிடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். ஆவி கிளம்புவது ரேடியேட்டரிலிருந்து என்பதால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. பாதி நேரம் குற்றவாளி வேறு யாரோ.

முதலில், எப்போது சூடேறுகிறது என்று கவனியுங்கள். நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போது சூடேறி, வண்டி வேகம் பிடித்ததும் முள் இறங்கினால், காற்று போதவில்லை என்று பொருள். ஃபேன் பெல்ட் தளர்ந்திருக்கலாம், ஃபேனைச் சுற்றியுள்ள கூண்டு காணாமல் போயிருக்கலாம், கோரின் முகத்தில் பூச்சியும் புழுதியும் அப்பியிருக்கலாம். வேகமாகப் போகும்போதும் மேடு ஏறும்போதும் மட்டும் சூடேறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. உள்ளே அடைப்பு என்ற சந்தேகம் அங்கே நியாயமானது. ஆனால் அதற்கு முன் கீழ் ஹோஸைப் பாருங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். ஹோஸ் நைந்துபோய், உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பியும் துருப்பிடித்து உதிர்ந்திருந்தால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் ஹோஸ் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். ஒரு ஹோஸ் விலையில் முடிகிற வேலைக்கு ரேடியேட்டரையே மாற்றியவர்கள் உண்டு.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்துக்குள் தண்ணீரில் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டை (என்ஜினின் மேல் பாகத்துக்கும் கீழ்ப் பாகத்துக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். எரிந்த வாயுவைக் கண்டுபிடிக்கும் நீலத் திரவம் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ரேடியேட்டர் வாயில் பிடித்தால், வாயு கசிகிற என்ஜினில் அது மஞ்சளாகிவிடும். இக்னிஷன் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், பின்தங்கியிருந்தாலும் என்ஜின் காயும். கடைசியாக, அந்த முள்ளையே நம்பாதீர்கள். ஐம்பது வருட முள் பொய் சொல்லும். தெர்மோஸ்டாட் (சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) உறையில் ஒரு இன்ஃப்ராரெட் தெர்மோமீட்டரைக் காட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. அப்படியும் ரேடியேட்டர் தேய்ந்திருக்க முடியுமா?

முடியும். பலருக்கும் புரியாமல் போவது இதுதான். தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது ரேடியேட்டரின் சின்ன வேலை. டியூபில் ஓடும் வெந்நீரின் சூட்டை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய செப்பு ஃபின்கள் வாங்கிக் காற்றுக்குக் கொடுக்க வேண்டும். ஃபின்னும் டியூபும் சேரும் இடத்தில் ஈயப் பற்று விட்டுப்போனால் டியூப் முழுசாக இருக்கும், தண்ணீர் ஓடும், சூடு மட்டும் இறங்காது. விரல் நகத்தால் ஃபின்னை மெல்லத் தட்டிப் பாருங்கள். பச்சைப் பொடியாக உதிர்ந்தாலோ கையோடு வந்தாலோ அந்த கோரின் ஆயுள் முடிந்தது. எத்தனை முறை கழுவினாலும் உதிர்ந்த ஃபின் திரும்ப ஒட்டாது.

உள் அடைப்பைக் கண்டுபிடிப்பதும் எளிது. என்ஜின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு, ஃபேன் நின்ற பிறகு, கோரின் முகத்தில் அதே தெர்மோமீட்டரால் மேலிருந்து கீழாக அளந்து வாருங்கள். மேலே சூடாகவும் கீழே போகப்போகச் சீராகக் குறைந்தும் வந்தால் நல்லது. நடுவில் சட்டென்று குளிர்ந்த பட்டை தெரிந்தால் அங்கே டியூப்கள் அடைபட்டிருக்கின்றன.

ஒழுகுகிறது, ஆனால் எங்கிருந்து என்று தெரியவில்லை.

காய்ந்த தடத்தைத் தேடுங்கள். மெல்லிய கசிவு என்றால் சொட்டு விழுவதற்குள் சூட்டில் ஆவியாகிவிடும், ஆனால் வெள்ளையாகவோ பச்சைக் களிம்பாகவோ தடம் விட்டுப்போகும். மேல் தொட்டியும் டியூப்களும் சேரும் தகட்டின் ஓரம், ஹோஸ் மாட்டும் கழுத்து, பக்கவாட்டுத் தாங்கிகள் பற்றிய இடம், இந்த மூன்றும்தான் அதிகம் விடும் இடங்கள். தாங்கிகளின் ரப்பர் நசுங்கிப்போனால் வண்டியின் முறுக்கு முழுவதும் ரேடியேட்டருக்குப் போகிறது. அதனால் பற்று விட்டிருந்தால் ரப்பரையும் சேர்த்து மாற்றாமல் பயனில்லை.

தடம் தெரியாவிட்டால் கையால் அடிக்கும் பிரஷர் டெஸ்டரை மூடிக்குப் பதிலாக மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தம் வரை மட்டும் ஏற்றி, பத்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். கழற்றிய ரேடியேட்டர் என்றால் எல்லா வாயையும் அடைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அதே அளவு காற்று கொடுங்கள். குமிழி தன்னாலே இடத்தைக் காட்டும். கம்ப்ரஸரை நேராக இணைத்துவிடாதீர்கள். 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்) தாங்கச் செய்த தொட்டிக்கு 100 பிஎஸ்ஐ போனால் அது பலூன் போல உப்பிக்கொள்ளும்.

ஒழுகலை அடைக்கும் திரவம் ஊற்றலாமா? மிளகுத்தூள், முட்டை வெள்ளை என்றெல்லாம் சொல்கிறார்களே?

நடு வழியில் நின்றுவிட்டால், வீடு சேர, சரி. மிளகுத்தூளும் முட்டையும்கூட ஓரளவு வேலை செய்யும், அது கட்டுக்கதை இல்லை. ஆனால் ஓட்டையைத் தேடிப் போய் அடைக்கிற பொருளுக்கு எது ஓட்டை, எது டியூப் என்று தெரியாது. பாதி அடைபட்ட பழைய கோரில் மிச்சப் பாதியையும், கூடவே ஹீட்டரையும் அடைத்துவிடும். வீடு வந்ததும் வடித்துக் கழுவிவிடுங்கள். நிரந்தர வைத்தியமாக ஊற்றியவர் யாரும் எனக்குத் தெரிந்து நிம்மதியாக இல்லை.

நானே ஈயம் வைத்து அடைக்க முடியுமா?

தொட்டியிலோ கழுத்திலோ உள்ள சின்ன விரிசல் என்றால் முடியும். வெற்றி சுத்தத்தில் இருக்கிறது. பித்தளை பளபளவென்று தெரியும்வரை தேய்க்காமல் எவ்வளவு ஈயம் உருக்கினாலும் அது முத்துமுத்தாக உருண்டு ஓடும், பிடிக்காது. உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தாலும் பிடிக்காது, ஏனென்றால் அது சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் கலந்த பற்று 183 டிகிரி செல்சியஸில் இளக ஆரம்பித்து 190 அருகே முழுவதும் உருகிவிடும். சிக்கலும் அங்கேதான். தீச்சுவாலையைக் காட்டினால் நீங்கள் அடைக்கும் பற்றோடு பக்கத்துப் பற்று நாலும் சேர்ந்து இளகும். ஒன்றை அடைக்கப் போய் நான்கு திறந்துகொள்ளும். பற்றவைக்கும் கனமான பெரிய இரும்புதான் நல்லது. பக்கத்துப் பற்றுகள் மேல் ஈரத்துணி சுற்றி வையுங்கள். முடிந்ததும் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்கப் பூசும் அமிலம்) மிச்சத்தைச் சலவைச் சோடாக் கரைசலால் கழுவாவிட்டால் அந்த அமிலமே நாளைக்குப் புது ஓட்டை போடும். காரீயப் புகை என்பதால் காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள், கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

கோரின் நடுவே ஒரு டியூப் ஒழுகினால் அதன் இரு முனையையும் அடைத்துவிடுவது பழைய வழக்கம். ஒன்றிரண்டுக்குப் பாதகமில்லை. பத்தில் ஒரு டியூப் என்ற அளவுக்குப் போய்விட்டால் கோர் மாற்றுவதுதான் முறை.

அமிலம் ஊற்றிக் கழுவினால் அடைப்பு போய்விடுமா?

சுண்ணாம்புப் படிவும் துருவும் மெல்லியதாக இருந்தால் போகும். சிட்ரிக் அமிலம் மென்மையானது, பழைய வண்டிக்குப் பாதுகாப்பானது. கழுவிய பிறகு சலவைச் சோடாக் கரைசலால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரால் பலமுறை அலச வேண்டும். என்ஜினில் அலுமினிய பாகம் எதுவும் இருந்தால் காஸ்டிக் சோடாவை உள்ளே ஊற்றவே கூடாது.

முழுதாக அடைபட்ட டியூபுக்குள் திரவமே நுழையாதபோது அமிலம் என்ன செய்யும்? அதற்கு, மேல்தொட்டியை இளக்கி எடுத்து, ஒவ்வொரு டியூபிலும் தட்டைக் கம்பி விட்டுக் குத்தி எடுக்க வேண்டும். ஃபின்கள் நன்றாக இருக்கும் கோருக்கு இந்தச் செலவு தகும். மேலே சொன்ன பச்சைப் பொடி நிலைமை என்றால் குத்திச் சுத்தம் செய்வது வீண்.

கோர் மாற்றுவதா, முழுப் புது ரேடியேட்டர் வாங்குவதா?

என் ஓட்டு கோர் மாற்றுவதற்கு. மேல் கீழ்த் தொட்டிகளும் பக்கத் தாங்கிகளும் அப்படியே இருக்க, நடுவிலுள்ள கோரை மட்டும் புதிதாக வைத்துப் பற்றுவதுதான் அது. தொட்டியில் அச்சடித்த தயாரிப்பாளர் பெயர், சின்னத் தகடு, மூடிக் கழுத்தின் வடிவம் எல்லாம் தப்பிக்கும். அதைவிட முக்கியம், போல்ட் ஓட்டைகளும் ஹோஸ் கழுத்தும் இருந்த இடத்திலேயே இருக்கும். “அப்படியே பொருந்தும்” என்று விற்கும் புது ரேடியேட்டரில் கழுத்து ஒரு விரல் தள்ளி இருந்து, ஹோஸ் ஃபேனில் உரசிய கதையை நிறையப் பார்த்தாயிற்று.

வேலைக்குக் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் படம் எடுத்து, கோரின் உயரம், அகலம், தடிமன், டியூப் வரிசை எத்தனை, ஓர் அங்குலத்தில் ஃபின் எத்தனை என்று எழுதி வையுங்கள். திரும்ப வாங்கும்போது அழுத்தச் சோதனையை உங்கள் கண் முன் செய்யச் சொல்லுங்கள். நல்ல வேலைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

தொட்டியே அரித்து, தட்டினால் பள்ளம் விழும் அளவுக்கு மெலிந்திருந்தால் புதிது வாங்குவது நியாயம். அப்போதும் பழையதைத் தூக்கி எறியாதீர்கள்.

தேன்கூட்டு ரேடியேட்டர் வைத்த மிகப் பழைய வண்டிகள் தனிக் கதை. வில்ஹெல்ம் மேபாக் 1900-ல் வடிவமைத்த மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டியில் 8,070 சிறு சதுரக் குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்திருந்தார். அதில் குழாய்க்குள் போவது காற்று, சுற்றிலும் ஓடுவது தண்ணீர். அந்த வகைக் கோரைத் திரும்பச் செய்வது பொற்கொல்லர் வேலைக்குச் சமம். சாதாரண டியூப் கோரை வைத்து முன்னால் தேன்கூட்டு முகத்தை ஒட்டித் தரும் ஏமாற்று வேலையும் நடக்கிறது, கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

அலுமினிய ரேடியேட்டர் இன்னும் நன்றாகக் குளிர்விக்குமாமே?

சூட்டைக் கடத்துவதில் செப்புதான் உயர்த்தி. ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 400 வாட் அது கடத்தும், அலுமினியம் 237 அளவில் நிற்கும். ஆனால் செப்பு ரேடியேட்டரின் டியூப் பித்தளை, நடுவில் ஈயப் பற்று. பித்தளை 120 அளவு, ஈயப் பற்று 50 அளவுதான் கடத்தும். அலுமினியம் பலமானது என்பதால் டியூபை ஓர் அங்குல அகலத்துக்குச் செய்ய முடிகிறது. அகலமான இரண்டு வரிசை, ஒல்லியான நான்கு வரிசையின் வேலையைப் பார்த்துவிடுகிறது. எடையும் குறைவு. ஆகவே சொல்வதில் உண்மை இருக்கிறது.

என்ஜினைப் பலப்படுத்தியவர், ஏசி சேர்த்தவர் அலுமினியத்துக்குப் போகலாம். பழைய அமைப்பிலேயே ஓட்டுகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிறந்த அன்று அந்த என்ஜினைச் செப்பு ரேடியேட்டர் குளிர்வித்தது, இன்று குளிர்விக்கவில்லை என்றால் ஏதோ கெட்டிருக்கிறது. அலுமினியம் அந்தக் கோளாறை மூடி மறைக்கும். வழியில் விரிசல் விட்டால் ஈயத்தால் அடைக்கவும் முடியாது.

இன்னொன்று, அலுமினியத்தை மின்கசிவு தின்னும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை ரேடியேட்டர் வாயில் உலோகத்தைத் தொடாமல் தண்ணீரிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்புகளைச் சுத்தம் செய்த பிறகே அலுமினியத்தைப் பற்றி யோசியுங்கள்.

டியூப் வரிசையைக் கூட்டிவிட்டால்?

மூன்றுக்கு நான்கு, சில வண்டிகளில் உதவும். அதற்கு மேல் போனால் பின் வரிசைக்கு ஏற்கனவே சூடான காற்றுதான் போய்ச் சேரும். கோர் தடித்தால் காற்று நுழையவே சிரமப்படும், ஃபேனுக்கும் இடம் குறையும்.

புது கோர் போட்டும் ஒரே மாதத்தில் பழையபடி சூடேறுகிறது. ஏன்?

எனக்கும் இது நடந்தது. பல வருடம் நின்றிருந்த ஒரு வண்டிக்கு ஆசை ஆசையாகக் கோர் மாற்றி, பளபளவென்று மாட்டினேன். முதல் வாரம் முள் நடுவில் நின்றது. மூன்றாம் வாரம் மேட்டில் கொதித்தது. கழற்றிப் பார்த்தால் டியூப் வாய்களில் செம்மண் குழம்பு மாதிரி துரு. அத்தனையும் என்ஜின் பிளாக்கிலிருந்து வந்தது. ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டு, அழுக்கு உற்பத்தியாகும் இடத்தை அப்படியே விட்டிருந்தேன்.

வார்ப்பிரும்பு பிளாக்கில் சிலிண்டரைச் சுற்றி, முக்கியமாகக் கடைசிச் சிலிண்டர் பக்கம், சேறு இறுகிக் கிடக்கும். வடிகுழாயைத் திறந்தால் ஒன்றும் வராது, ஓட்டை அடைத்திருக்கும். கம்பி விட்டுக் குத்துங்கள். நின்றுபோன வண்டி என்றால் பிளாக்கின் பக்கத்திலுள்ள வட்ட அடைப்புத் தகடுகளைக் கழற்றி, வளைந்த கம்பியால் சுரண்டி, தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பதுதான் உண்மையான சுத்தம். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, தண்ணீர் வழக்கமாக ஓடும் திசைக்கு எதிராகப் பீய்ச்ச வேண்டும். இந்த வேலை முடியும்வரை புது கோர் அட்டைப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அப்புறம் ஒரு மலிவான தந்திரம்: பெண்கள் அணியும் நைலான் காலுறையின் நுனியை வெட்டி, ரேடியேட்டரின் மேல் கழுத்துக்குள் பை மாதிரி இறக்கி, விளிம்பை வெளியே மடித்து, அதன் மேல் ஹோஸை மாட்டிக் கிளிப் போடுங்கள். பிளாக்கிலிருந்து வரும் துருவை அது பிடித்துக்கொள்ளும். முதல் 50 கிலோமீட்டரில் ஒருமுறை திறந்து பாருங்கள், வியந்துபோவீர்கள். மறந்துவிட்டால் அதுவே அடைப்பாகிவிடும்.

எத்தனை பவுண்டு மூடி போட வேண்டும்?

கையேட்டில் உள்ளதுதான். ஒவ்வொரு பிஎஸ்ஐ அழுத்தமும் கொதிநிலையை ஏறக்குறைய 1.5 டிகிரி உயர்த்தும். கடல்மட்டத்தில் 7 பிஎஸ்ஐ மூடிக்குள் தண்ணீர் 111 டிகிரி அளவிலும் 15 பிஎஸ்ஐ மூடிக்குள் 121 டிகிரி அளவிலும் கொதிக்கும். இதைக் கேட்டு 7-க்குப் பதில் 15 மாட்டினால் என்ஜின் குளிராது. கொதிப்பது தள்ளிப்போகும், ஹீட்டரும் பழைய பற்றுகளும் முன்னால் போய்விடும். ஃபோர்டு மாடல் டி போன்ற வண்டிகளில் அழுத்தமே கிடையாது. முதலில் வந்த கொஞ்ச வண்டிகள் தவிர, அதில் வாட்டர் பம்ப்கூட இல்லாமல் வெந்நீர் மேலேறிக் குளிர்ந்த நீர் கீழிறங்கும் இயல்பிலேயே தண்ணீர் சுற்றியது. அத்தகைய வண்டியில் தண்ணீர் மட்டம் மேல் ஹோஸ் வாய்க்குக் கீழே இறங்கினால் சுற்றோட்டமே நின்றுவிடும்.

சூடான என்ஜினில் மூடியைத் திறக்காதீர்கள். துணி போட்டுத் திறந்தாலும் அதேதான். அழுத்தம் விட்ட கணத்தில் 100 டிகிரியைத் தாண்டிய தண்ணீர் கொதித்து ஆவியோடு பீறிட்டு முகத்துக்கு வரும்.

எந்த கூலன்ட்? வெறும் தண்ணீர் போதாதா?

சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீரை எதுவும் மிஞ்சாது. ஆனால் அது இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், உப்புத் தண்ணீர் என்றால் படிவும் சேர்க்கும். காய்ச்சி வடித்த தண்ணீரில் கூலன்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கலந்தால் துருத்தடுப்பு மருந்து போதிய அளவில் இருக்கும். உறைபனி உள்ள இடங்களில் பாதிக்குப் பாதி, அது சுமார் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும்.

வகைதான் முக்கியம். ஈயப் பற்று வைத்த ரேடியேட்டருக்குச் சிலிகேட் கலந்த பழைய வகையே பாதுகாப்பு. நீண்ட ஆயுள் என்று வரும் ஆர்கானிக் அமில வகைகள் பழைய ஈயப் பற்றையும் சில கேஸ்கட்களையும் அரித்ததாகப் புகார் உண்டு. பழைய வகையை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை என்பது வெறும் சாயம். வடித்த கூலன்ட்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் குழந்தையும் நக்கிப் பார்க்கும், அது உயிரைக் குடிக்கும் விஷம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளிர்ச்சியாக ஓடுமாமே?

சில என்ஜின்களில் இன்னும் சூடாக ஓடும். தெர்மோஸ்டாட் திறக்கும்போது பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்கே திரும்பும் வழி) அடைக்கும் அமைப்பு இருந்தால், அதை எடுத்ததும் வெந்நீர் ரேடியேட்டருக்கே போகாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். மற்ற என்ஜின்கள் குளிராகவே ஓடி எண்ணெயில் ஈரம் சேர்த்துத் தேய்ந்துபோகும். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தொங்கவிட்டுக் காய்ச்சிப் பாருங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது வாங்குங்கள்.

கழுத்துவரை நிரப்பினேன். ஒரு சுற்று ஓட்டியதும் குறைந்துவிட்டது.

தனித் தொட்டி இல்லாத பழைய வண்டி என்றால் அது இயல்பு. சூடாகும் தண்ணீருக்கு விரிய இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் வழிகுழாயில் வெளியே தள்ளி, தனக்கு வேண்டிய மட்டத்தில் நின்றுகொள்ளும். டியூப் நுனிகள் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் போதும், மறுபடி நிரப்பி மறுபடி இழக்க வேண்டாம். டியூப் நுனி வெளியே தெரிகிற அளவுக்கு ஒவ்வொரு முறையும் குறைந்தால்தான் கசிவைத் தேட வேண்டும். முதல்முறை நிரப்பும்போது ஹீட்டர் வால்வைத் திறந்து வையுங்கள், காற்று சிக்கிக்கொள்ளாது.

பெயின்ட் அடிக்கலாமா?

மெல்லிய கறுப்பு ஒரு பூச்சு, ரேடியேட்டருக்கென்று விற்பது. கனமாக அடித்தால் போர்வை போர்த்தியது மாதிரி.

வண்டியைப் பல மாதம் நிறுத்தப்போகிறேன். தண்ணீரை வடித்துவிடட்டுமா?

வேண்டாம். வடித்தாலும் உள்சுவரில் ஈரம் இருக்கும், ஈரமும் காற்றும் சேர்ந்தால் துரு வேகமாக ஏறும், இருக்கிற சேறும் காய்ந்து இறுகிவிடும். புது கூலன்ட் கலந்து கழுத்துவரை நிரப்பி நிறுத்துங்கள். உள்ளே வெறும் தண்ணீர்தான், ஊரில் உறைபனியும் உண்டு என்றால் மட்டும் வடியுங்கள். பனிக்கட்டியாகும் தண்ணீர் சுமார் 9 சதவீதம் விரிந்து பிளாக்கையே பிளந்துவிடும். வடித்தால் ரேடியேட்டரோடு நிறுத்தாமல் பிளாக்கின் வடிகுழாயையும் திறந்துவிட்டு, “தண்ணீர் இல்லை” என்று ஓர் அட்டையில் எழுதி ஸ்டீயரிங்கில் கட்டிவிடுங்கள்.